பேராசைக்கு ஒரு பொய்ச்சொல்

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...

காலை ஒன்பது மணி. சாத்திய கதவுக்குப் பின்னால் டெலிபோன் விடாமல் அடித்தது.

அகராதி ஆபீஸின் துணையாசிரியை மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள். மூன்றாவது மணிக்குள் எடுக்காவிட்டால் முதன்மை ஆசிரியருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் போன் இருக்கும். ஆனாலும் எடுக்க மாட்டார். போன் எடுப்பதெல்லாம் சின்ன ஆட்கள் வேலையாம்!

கதவைத் தள்ளினாள். ரிசீவரை எடுத்தாள்.

"தங்கச்சி, நான்தான்! பஸ்ஸை விட்டுட்டேன். அவர்கிட்ட ஒரு பத்து நிமிஷம் சமாளிச்சு..."

அவள் கண் தரைக்குப் போனது.

மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு ஜோடி செருப்பு தெரிந்தது.

செருப்புக்குள் கால்கள் இருந்தன!

"வீ...ல்!"

பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தவர் காதைப் பொத்திக்கொண்டார்.

முதன்மை ஆசிரியர் குப்புறக் கிடந்தார். சுற்றிலும் நூற்றுக்கணக்கில் காகிதச் சீட்டுகள். பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில், அடித்த ஆயுதம். ஒரு பழைய அகராதியின் முதல் தொகுதி. அ முதல் ஔ வரை. நாலரைக் கிலோ!

பன்னிரண்டு உயிரெழுத்தும் சேர்ந்து ஓர் உயிரை எடுத்திருந்தன.

*

இன்ஸ்பெக்டர் அம்மாள் அறையை ஒரு சுற்று சுற்றி வந்தாள். நாற்பத்தைந்து வயது. பேச்சு கறார். சிரித்தால் மட்டும் பக்கத்து வீட்டு அக்கா மாதிரி இருப்பாள்.

"செத்தவர் எப்படிப்பட்ட ஆளும்மா?"

துணையாசிரியை மூக்கை உறிஞ்சினாள். "பெரிய படிப்பாளி மேடம். நாங்க அவருக்குப் பின்னாடி 'அகராதி'ன்னு கூப்பிடுவோம்."

"தொழிலை வச்சா?"

"பாதி தொழிலை வச்சு... பாதி குணத்தை வச்சு."

தரையில் மண்டியிட்டிருந்த கான்ஸ்டபிள் திடீரென்று துள்ளினார்.

"மேடம்! க்ளூ!"

செத்தவரின் இறுகிய கைக்குள் ஒரு சீட்டு. கான்ஸ்டபிள் அதைப் பிரித்துப் படித்தார். 'பேராசை' என்று ஒரே ஒரு சொல். கீழே காலி.

"கொன்னவன் பேராசைக்காரன்னு எழுதி வச்சுட்டு செத்திருக்காரு மேடம்! நான் சினிமாவுல..."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்!"

வாசலில் மூச்சு வாங்க நின்றவர் மெய்ப்புத் திருத்துபவர். பஸ்ஸைத் தவறவிட்ட ஆசாமி. ஐம்பது வயது. யார் எழுதியதிலும் விட்டுப்போன கொம்பைத் தேடிப் பிடித்துப் போடுவதால் அவருக்கு ஆபீஸில் 'கொம்பு' என்றே பெயர்.

"அது இன்னிக்கு வேலை சார். அவ்வளவுதான். போன மாசம் செத்திருந்தாருன்னா கையில 'காதல்' இருந்திருக்கும்!"

கான்ஸ்டபிளின் முகம் தொங்கிப்போனது.

"இங்க என்ன வேலைதான் நடக்குது?" இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"குணச்சொல் அகராதி மேடம்," என்றாள் துணையாசிரியை. "கோபத்துக்கு என்னென்ன சொல் இருக்கு, காதலுக்கு என்னென்ன இருக்குன்னு குணம் குணமா பிரிச்சுத் தொகுக்கறோம். ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு. பன்னெண்டு வருஷ வேலை. கடைசி அத்தியாயம் பேராசை. அதுவும் முடிஞ்சு, இப்ப சரிபார்த்துக்கிட்டு இருந்தோம். அடுத்த மாசம் அச்சுக்குப் போகணும்."

"அப்புறம் ஏன் இந்தச் சீட்டு காலி?"

"இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் எழுதின பொருள் அவருக்குத் திருப்தியா வரல. ஏழு தடவை அழிச்சுட்டாரு."

"ஏன், இதுல என்ன கஷ்டம்? ஆசைன்னா ஆசை. பெரிய ஆசைன்னா பேராசை."

இதைக் கேட்டதும் துணையாசிரியையின் அழுகை சட்டென்று நின்றது. தொழில் புத்தி! கட்டையில் போகும்வரை போகாது.

"அப்படி இல்ல மேடம். பெரிய டாக்டர் ஆகணும்கறது பெரிய ஆசைதான், பேராசை இல்ல. கிடைச்ச பிறகும் இன்னும் வேணும்னா அது பேராசை. கிடைக்காதுன்னு தெரிஞ்சும் வேணும்னா நப்பாசை. அடுத்தவன் பொருள் மேலயே கண்ணுன்னா வெஃகல். இருக்கறதை யாருக்கும் தரமாட்டேன்னா உலோபம். தானும் அனுபவிக்காம பூட்டி வச்சா கருமித்தனம்."

"என் மாமியார் வீட்ல எல்லா ரகமும் உண்டு. இவ்வளவு பேரு இருக்குன்னுதான் தெரியாது!"

இன்ஸ்பெக்டரின் பார்வை மேஜை மேல் போனது. அங்கே இரண்டு இரும்புப் பெட்டிகள். இரண்டும் திறந்து கிடந்தன.

"பேராசை அத்தியாயத்துச் சீட்டுப் பெட்டிங்க மேடம்," என்றார் கொம்பு. "வேணும் வேணும்கற சொல்லெல்லாம் தங்கச்சி பெட்டி. தரமாட்டேன்கற சொல்லெல்லாம் என் பெட்டி. ஆசைப் பெட்டி, கஞ்சப் பெட்டின்னு சொல்லுவோம். இவ பெட்டிக்கு இவகிட்ட ஒரு சாவி. என் பெட்டிக்கு என்கிட்ட ஒரு சாவி. ஒருத்தர் பெட்டியை இன்னொருத்தர் தொடக்கூடாது. அவர்கிட்ட மட்டும் ரெண்டு சாவியும் இருக்கும்."

பெட்டிகளுக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு புதுப் புத்தகம். அட்டையைப் பார்த்ததுமே துணையாசிரியையின் முகம் வெளுத்தது.

"இது என்ன?"

அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். கொம்புதான் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அதுவும் குணச்சொல் அகராதிதான் மேடம். நேத்துதான் கடைக்கு வந்திருக்கு. வேற ஒரு கம்பெனி போட்டது. எங்களோடதை... அப்படியே வரிக்கு வரி அடிச்சிருக்கான். நேத்து சாயங்காலம் தங்கச்சி இதை வாங்கிட்டு வந்து, அவர்கிட்ட சத்தம் போட்டு..."

"அண்ணே!"

கொம்பு நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்து என்ன பயன்? சொன்ன சொல் வாய்க்குள் திரும்புமா!

"சண்டையா?" இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றாள். "சொல்லும்மா."

"ஆமா மேடம். நம்ம வேலை திருடு போயிருக்கு, வாங்க கேஸ் போடலாம்னேன். 'உன் வேலையைப் பாரு'ன்னாரு. பேச்சு வளர்ந்துச்சு. அட்டையில என் பேரும் வரணும்னு அப்பவும் கேட்டேன். பன்னெண்டு வருஷமா கேக்கறேன். 'அட்டையில ஒரு பேருக்குத்தான் இடம்'னாரு. என் பொண்ணு ஒவ்வொரு வருஷமும் கேப்பா, 'உன் பேரு எந்தப் பக்கத்துலம்மா வரும்?'னு. அவளுக்கு நான் என்ன சொல்ல?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செத்தவருக்காக வந்த துக்கம் அல்ல. அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை.

கான்ஸ்டபிள் கண்ணால் சைகை காட்டினார். 'இந்தம்மாதான்!'

அப்போது படிக்கட்டில் கனமான காலடிச் சத்தம்.

*

வந்தவர் பதிப்பகத்தின் முதலாளி. இந்த அகராதி வேலைக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சம்பளம் போட்டவர். வாசலிலேயே நின்று பிணத்தைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். உடனே துணையாசிரியை பக்கம் திரும்பினார்.

"பாவி! திருடினது போதாதா? ஆளையும் கொன்னுட்டியா?"

"சார்! நான் ஏன்..."

"மேடம், இவளை விடாதீங்க! எங்க அகராதியை அந்தக் கம்பெனிக்கு வித்தது இவதான். என்கிட்ட ஆதாரம் இருக்கு!"

இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது. "முதல்ல நீங்க எங்கேர்ந்து வர்றீங்க?"

"வீட்டுலேர்ந்து நேரா வர்றேன். கான்ஸ்டபிள் போன் பண்ணினப்பதான் விஷயமே தெரியும்."

"ஆதாரம்?"

முதலாளி நாற்காலி நிறைய உட்கார்ந்தார்.

"அகராதிக்காரங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு மேடம். மொழியிலயே இல்லாத ஒரு சொல்லை உண்டாக்கி, நிஜச் சொல்லோட சொல்லா நட்டு வச்சிருவாங்க. எவனாவது காப்பியடிச்சா அதையும் சேத்து அடிப்பான். மாட்டுவான். நிஜச் சொல் ஊருக்கே பொது. பொய்ச்சொல்லுக்குத்தான் சொந்தக்காரன் உண்டு!"

"அட!" என்றார் கான்ஸ்டபிள்.

"எங்க ஆசிரியர் அதுலயும் கெட்டிக்காரர். ரெண்டு பெட்டியிலயும் வேற வேற பொய்ச்சொல் நட்டாரு. எந்தப் பெட்டியிலேர்ந்து திருடு போச்சுன்னு அதை வச்சே கண்டுபிடிச்சிரலாம். அந்தப் புத்தகத்துல இருநூத்திப் பன்னெண்டாம் பக்கம் பாருங்க. 'வாரிமை'ன்னு ஒரு சொல் இருக்கும். அது பொய்ச்சொல். இந்தம்மா பெட்டியில நட்டது!"

இன்ஸ்பெக்டர் பக்கத்தைப் புரட்டினாள்.

இருந்தது!

'வாரிமை: இருப்பது நிறைந்த பின்னும் வாரிக்கொள்ளும் குணம்.'

"வாரிமை... பொய்யா?" துணையாசிரியை வாயைப் பிளந்தாள். "ஐயோ! அதுக்கு நான் நாலு உதாரண வாக்கியம் எழுதினேனே!"

"நடிக்காதே!" முதலாளி சட்டைப் பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து நீட்டினார். "பொய்ச்சொல் பட்டியல் மேடம். அவர் கையால எழுதி, ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டு மூணு வருஷத்துக்கு முன்னாடி என் அலமாரியில வச்சது. இன்னிக்கு வரைக்கும் யாரும் பிரிக்கல. நீங்களே பிரிங்க!"

இன்ஸ்பெக்டர் உறையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். கையெழுத்தைப் பார்த்தாள். மெதுவாகப் பிரித்தாள்.

உள்ளே ஒரு சீட்டு. இரண்டே வரி.

ஆசைப் பெட்டி: வாரிமை.

கஞ்சப் பெட்டி: பொத்தாளி.

"பொத்தாளியும் பொய்யா?" கொம்பு நெஞ்சில் கை வைத்தார். "போன வாரம் என் மச்சானை அப்படித்தான் திட்டினேன்! அவனும் ரோஷப்பட்டுப் பேச்சை நிறுத்திட்டானே!"

கான்ஸ்டபிள் விலங்கை எடுத்துவிட்டார்.

துணையாசிரியை சுவரோடு சுவராகச் சாய்ந்தாள். பன்னிரண்டு வருஷம். கண்ணும் முதுகும் போனதுதான் மிச்சம். அட்டையில் வராத பெயர் நாளைக்குப் பேப்பரில் வரப்போகிறது, கொலைகாரி என்று! பள்ளிக்கூடத்தில் அந்தப் பெண் குழந்தை எந்த முகத்தோடு உட்காரும்?

"மேடம்... சத்தியமா நான் இல்ல..."

"இரும்மா." இன்ஸ்பெக்டர் விலங்கைப் பார்க்கவே இல்லை. புதுப் புத்தகத்தைக் கொம்பிடம் கொடுத்தாள். "நீங்கதான் விட்டுப்போனதைத் தேடிப் பிடிக்கறவராச்சே. இதுல 'பொத்தாளி' இருக்கா பாருங்க."

"அது எதுக்கு மேடம்?" என்றார் முதலாளி. கொஞ்சம் வேகமாகவே கேட்டார்.

கொம்புவின் விரல் பக்கங்களில் பாய்ந்தது. இருநூற்று இருபது... இருநூற்று முப்பது...

"இருக்கு! 'பொத்தாளி: கையை விரிக்கவே அறியாதவன்.' இருக்கு மேடம்!"

இன்ஸ்பெக்டர் புத்தகத்தை வாங்கி மூடினாள்.

"ரெண்டு பொய்யும் இருக்கு," என்றாள் இன்ஸ்பெக்டர். "அப்ப ரெண்டு பெட்டியும் திருடு போயிருக்கு. இந்தம்மாகிட்ட ஒரு சாவி. இவர்கிட்ட ஒரு சாவி. ரெண்டு சாவியும் யார்கிட்ட இருந்துச்சு?"

எல்லாப் பார்வையும் தரையில் கிடந்தவர் மேல் போனது.

"அவரா?!" துணையாசிரியை அலறினாள். "தன் அகராதியை அவரே வித்தாரா?"

"வேலியே பயிரை மேஞ்சிருக்கு!" என்றார் கான்ஸ்டபிள், விலங்கை மெல்ல முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு. "ஆனா மேடம்... பொய்ச்சொல் எதுன்னு அவருக்கு நல்லாத் தெரியுமே? விக்கும்போது அந்த ரெண்டு சீட்டை மட்டும் உருவிட்டு வித்திருக்கலாமே?"

துணையாசிரியை விரக்தியாகச் சிரித்தாள்.

"உருவ மனசு வந்திருக்காது சார். அது அவரே உண்டாக்கின சொல்லு. ஒரு தடவை அகராதியில ஏறிட்டா நூறு வருஷத்துக்கு நிக்கும். தான் பெத்த சொல்லைத் தன் கையாலயே வெட்டற அகராதிக்காரன் இன்னும் பொறக்கல. ஒரு புத்தகத்துல இருந்தது பத்தலை. ரெண்டுலயும் இருக்கணும்னு ஆசைப்பட்டுட்டாரு!"

"சரி. திருடன் கிடைச்சாச்சு." இன்ஸ்பெக்டர் முதலாளிக்கு எதிரே போய் நின்றாள். "சார், உறையை இன்னிக்கு வரைக்கும் யாரும் பிரிக்கலைன்னீங்க. நான் பிரிக்கறதுக்கு முன்னாடியே 'வாரிமை' இந்தம்மா பெட்டிச் சொல்லுன்னு சொன்னீங்க. எப்படித் தெரியும்?"

"அது... நேத்து ராத்திரி அவரே போன்ல சொன்னாரு."

"திருடினவரே போன் பண்ணி, 'நான் திருடினதைக் கண்டுபிடிக்க இதுதான் வழி'ன்னு சொன்னாராக்கும்?"

முதலாளி நாற்காலியில் நெளிந்தார்.

"உறையைப் பிரிச்சிருந்தா ரெண்டு சொல்லும் தெரிஞ்சிருக்கும். ஆனா ஒண்ணைத்தான் என்கிட்ட சொன்னீங்க. இன்னொண்ணை ஏன் சொல்லலை? அதையும் சொன்னா, வித்தது ஆசிரியர்தான்னு வெளிய வந்துரும். அவர் மேல உங்களுக்குத்தான் ஆத்திரம்னும் வெளிய வந்துரும்!"

"இது அபாண்டம்! கையெழுத்தைப் பார்த்தீங்கல்ல? உறை ஒட்டியபடியே..."

இன்ஸ்பெக்டர் தன் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிரியாமல் இழுத்துக்கொண்டு நின்றன.

"மூணு வருஷத்துக் கோந்து சார். இன்னும் என் கையை விட மாட்டேங்குது!"

முதலாளியின் தோள்கள் இறங்கின.

"பன்னெண்டு வருஷம் மேடம்..." குரல் உடைந்து வந்தது. "புத்தகத்தை நேத்தே பார்த்தேன். ஆவி காட்டி உறையைப் பிரிச்சேன். இன்னிக்குக் காலையில எட்டு மணிக்கு இங்க வந்து கேட்டேன். கொஞ்சமும் வெட்கமில்லாம சிரிச்சாரு. அந்தக் கம்பெனிக்காரன் கடற்கரையோரமா வீடு தர்றானாம். 'நீயும் போடு, அவனும் போடட்டும், ரெண்டுலயும் என் சொல் இருக்கும்'னாரு. கைக்குக் கிடைச்சதைத் தூக்கிட்டேன். அடிச்சு முடிச்ச பிறகுதான் தோணிச்சு. ஆசிரியரே வித்தாருன்னா கேஸ் நிக்காது. பழியை இவ மேல போட்டா, திருட்டுச் சரக்குன்னு அந்தக் கம்பெனி மேல கேஸும் போடலாம், புத்தகத்தையும் நிறுத்தலாம்னு..."

"ஆளும் போகணும், நஷ்டஈடும் வரணும்!" இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினாள். "கான்ஸ்டபிள், அந்த விலங்கை இப்ப எடுங்க."

*

முதலாளியை ஜீப்பில் ஏற்றியாயிற்று. ஆசிரியரை ஆம்புலன்ஸில் ஏற்றியாயிற்று. துணையாசிரியை தரையில் உட்கார்ந்து ரத்தம் படாத சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

ட்ரிங்... ட்ரிங்...

கொம்பு எடுத்தார். கேட்டார். முகம் சுருங்கியது. ரிசீவரைப் பொத்திக்கொண்டார்.

"தங்கச்சி, அந்தக் கம்பெனிக்காரன். துக்கம் விசாரிக்கறானாம். 'எழுதினவர்கிட்ட நேர்மையா வாங்கின சரக்கு. எழுதினவரே போயிட்டாரு. இனி இது எங்களோடது'ங்கறான். உங்க வேலைன்னு உரிமை கொண்டாடினா கோர்ட்ல பார்த்துக்கறானாம்."

இன்ஸ்பெக்டரின் முகம் கடுகடுத்தது.

"கொலையை நான் கண்டுபிடிச்சிரலாம்மா. இது சிவில் விவகாரம். சீட்டெல்லாம் யார் கையெழுத்து?"

"நான் எழுதினதை அவர் தன் கையால மறுபடி எழுதுவாரு மேடம். என் சீட்டைக் கிழிச்சுப் போட்டுருவாரு. அதான் இங்க வழக்கம்."

"அட ராமா! அப்ப நீதான் எழுதினேன்னு எப்படி நிரூபிப்பே? அந்தப் பொய்ச்சொல் கூட அவரோடதாச்சே?"

துணையாசிரியை சீட்டுகளைக் கீழே வைத்தாள். எழுந்து கைப்பையைத் திறந்தாள். அடியிலிருந்து தடியாக ஒரு பதிவுத் தபால் உறை வெளியே வந்தது. பிரிக்கப்படாத உறை. மேலே தபால் முத்திரை. போன வருஷத் தேதி. அனுப்பியவள் அவள். பெறுபவளும் அவளே!

"இதை கோர்ட்ல பிரிக்கச் சொல்லலாமா மேடம்?"

"என்னம்மா இது?"

"என் பட்டியல். இதுல இருக்கற சொல் ஒவ்வொண்ணும் நானே உண்டாக்கினது. கோபத்துல கொஞ்சம், காதல்ல கொஞ்சம், பேராசையில கொஞ்சம். அவருக்கே தெரியாது. எல்லாத்தையும் நிஜம்னு நம்பி அழகா திருப்பி எழுதினாரு. நேத்து வாங்கின கையோட அந்தப் புத்தகத்துல ஒவ்வொண்ணா பார்த்துட்டேன். எல்லாம் இருக்கு, ஒண்ணு குறையாம!"

கொம்பு ரிசீவரைத் தொப்பென்று வைத்தார்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"அவர்தான் திருடன்னு தெரியறதுக்கு முன்னாடியா? எல்லாம் நான் எழுதின சொல்லு மேடம். அந்த விலங்கு என் கைக்குத்தான் வந்திருக்கும்!"

இன்ஸ்பெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

"அட்டையில உன் பேரு வராம இனி யாராலயும் தடுக்க முடியாதும்மா! ஆமா, மொத்தம் எத்தனை சொல்லு?"

"நாப்பத்தேழு."

"நாப்பத்தேழா?!" கான்ஸ்டபிளின் தொப்பியே நகர்ந்துவிட்டது.

"பன்னெண்டு வருஷத்துல சார். கணக்குப் போட்டுப் பாருங்க, வருஷத்துக்கு நாலு கூட வராது!"

"திருடனைப் பிடிக்க ஒண்ணு போதுமேம்மா!" என்றாள் இன்ஸ்பெக்டர். "எதுக்கு நாப்பத்தேழு?"

துணையாசிரியை தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"ஒண்ணோட நிறுத்திக்கலாம்னுதான் மேடம் ஆரம்பிச்சேன்!"